சத்தம் வேறு, தெளிவு வேறு

(குற்றாலத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குற்றாலத்துக்கு வரச்சொல்லி ஒலியைப் பற்றிப் பேசச் சொன்னால், பேசுகிறவருக்குப் போட்டியாக அருவியும் பேசும். சாரல் காலத்தில் பேரருவிக்கு எதிரே நின்றுகொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் பேசிப் பாருங்கள். அவர் வாய் அசைவது தெரியும். ஏதோ சொல்கிறார் என்பதும் தெரியும். என்ன சொன்னார் என்பது மட்டும் தெரியாது. "ஆமா, ஆமா" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி, மேலகரம் பகுதிகளில் பல வகுப்பறைகளின் கடைசி வரிசையும் இப்படித்தான் இருக்கிறது. வெளியே காற்று, கூரைமேல் மழை, தலைக்கு மேல் மின்விசிறி, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு. பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

குறைந்த செலவில் ஹோம் தியேட்டர் ஸ்பீக்கரை நாமே செய்வது எப்படி என்பதுதான் எனக்குத் தந்த தலைப்பு. வீட்டு வரவேற்பறைக்குச் செய்கிற அதே பெட்டியை வகுப்பறைக்கும் செய்யலாம். 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடு வந்தது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பல பள்ளிகளுக்குத் திரையும் வந்துவிட்டது. படம் பெரிதாகத் தெரிகிறது. குரல் மட்டும் இன்னும் கைப்பேசியின் சின்னத் துளை வழியாகவோ, புரொஜெக்டருக்குள் இருக்கும் சிறிய ஸ்பீக்கர் வழியாகவோதான் வருகிறது. அந்தக் குறையை 2,000 ரூபாய்க்குள் எப்படிச் சரிசெய்வது என்று எங்கள் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து நான் செய்துபார்த்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

உயிரும் மெய்யும்

முதலில் ஒரு சிறிய சோதனை. படி, கடி, தடி, மடி, நடி, வடி, இடி. இந்த ஏழு சொற்களிலும் கடைசி எழுத்து ஒன்றுதான். முதல் எழுத்து மட்டும்தான் வேறு. இவற்றை மாற்றி மாற்றி 20 முறை வாசியுங்கள். பிள்ளைகள் அவரவர் இடத்தில் இருந்தபடியே எழுதட்டும். பிறகு கரும்பலகையில் வகுப்பறையின் படத்தை வரைந்து, ஒவ்வோர் இருக்கையிலும் எத்தனை சொல் தவறு என்று குறியுங்கள். எங்கள் வகுப்பில் தவறுகள் எல்லாம் கடைசி இரண்டு வரிசைகளிலும் சன்னல் ஓரத்திலும் குவிந்திருந்தன. மதிப்பெண் பட்டியலில் தெரியாத ஒன்று அந்தப் படத்தில் தெரிந்தது. (வலி, வழி, வளி போன்ற சொற்களை இந்தச் சோதனையில் சேர்க்காதீர்கள். நம் பக்கத்துப் பேச்சில் அவை கலந்தே ஒலிக்கும். அது கேட்கும் சிக்கல் அன்று.)

நம் இலக்கணம் எழுத்துகளை உயிர், மெய் என்று பிரித்தது. ஒலியியல் பார்வையிலும் அந்தப் பிரிவு பொருந்துகிறது. பேச்சின் ஆற்றலில் பெரும்பகுதி உயிரொலிகளில் இருக்கிறது. அவை தாழ்ந்த அதிர்வெண் கொண்டவை. க், ச், ட், த், ப் போன்ற மெய்கள் மிகக் குறைந்த ஆற்றல் உடையவை. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்காட்டும் அடையாளம் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. உயிரொலி கேட்டால் ஒருவர் பேசுகிறார் என்று தெரியும். மெய்யொலி கேட்டால்தான் சொல் தெரியும்.

இன்னொரு செய்தியும் உண்டு. உரத்த தாழ்ந்த ஒலி, மெல்லிய உயர்ந்த ஒலியை மூடிவிடும். அதனால்தான் கடையில் வாங்கிய ஹோம் தியேட்டரின் "தும் தும்" பெட்டியை வகுப்பறையில் வைத்தால் பாட்டு எழும்பும், பாடம் அமுங்கும். ஒலியைக் கூட்டக் கூட்டக் கடைசி வரிசைக்குச் சத்தம் போகிறது, தெளிவு போவதில்லை. சத்தம் வேறு, தெளிவு வேறு. நாம் செய்யப்போகும் பெட்டி தெளிவுக்கானது.

ஸ்பீக்கரைக் கையில் எடுப்போம்

ஒரு பழைய ஸ்பீக்கரைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். பின்னால் காந்தம், அதன் இடைவெளியில் செம்புக்கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளில் மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் அதைத் தள்ளுகிறது. கூம்பு காற்றைத் தள்ளுகிறது. இந்த அமைப்பை 1925-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் கட்டுரையாக வெளியிட்டார்கள். நூறு ஆண்டுகள் ஆகியும் அடிப்படை மாறவில்லை. ஒன்பதாம் வகுப்பு மின்காந்தவியல் பாடம் முழுவதும் அந்த ஒரு பொருளில் இருக்கிறது.

1.5 வோல்ட் மின்கலம் ஒன்றை ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் ஒரு நொடி தொடுங்கள். "டப்" என்று கேட்கும். கூம்பு முன்னே வரும் அல்லது பின்னே போகும். முன்னே வந்தால், மின்கலத்தின் நேர்முனை தொட்ட இடம்தான் ஸ்பீக்கரின் நேர்முனை. அங்கே சிவப்பு மையால் ஒரு புள்ளி வையுங்கள். இது பின்னால் தேவைப்படும்.

அடுத்தது பிள்ளைகள் மிகவும் விரும்பும் சோதனை. ஸ்பீக்கரைப் பெட்டி இல்லாமல் வெறும் கையில் பிடித்துப் பாட்டை ஓடவிடுங்கள். குரல் வற்றிப்போய், தகர டப்பாவில் இருந்து வருவது போலக் கேட்கும். இப்போது பழைய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் வட்டமாக வெட்டி, அந்தத் துளையோடு ஸ்பீக்கரை அழுத்திப் பிடியுங்கள். அதே ஸ்பீக்கர், அதே மின்சாரம். குரலுக்குச் சதை பிடித்துவிடும்.

காரணம் எளிது. கூம்பு முன்னே போகும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. பின்பக்கக் காற்று விலகுகிறது. தாழ்ந்த ஒலியின் அலைநீளம் பெரியது. 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஏறத்தாழ மூன்றரை மீட்டர். எனவே பின்பக்க அலை விளிம்பைச் சுற்றி முன்னே வந்து, முன்பக்க அலையை அழித்துவிடுகிறது. அட்டை நடுவில் வந்ததும் அந்த அழிவு குறைகிறது. பெட்டியின் முதல் வேலை முன்னையும் பின்னையும் பிரித்து வைப்பது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

எங்கள் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "பெட்டிக்குள்ள என்ன சார் இருக்கு? வெறும் காத்துதானே?"

அந்த வெறும் காற்றுதான் பெட்டியின் பாதி இயந்திரம். சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடிக் கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். காற்று சுருள்வில்லைப் போலத் திருப்பித் தள்ளும். காற்றுப்புகாத பெட்டியில் ஸ்பீக்கர் கூம்புக்குப் பின்னால் இருப்பதும் அதே சுருள்வில்தான். இந்தக் காற்று வில்லை முழுமையாகப் பயன்படுத்திக் காட்டியவர் எட்கர் வில்ச்சர். கல்லூரியில் கலை வரலாறு படித்தவர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி மீட்டுருவாக்கம் பற்றி வகுப்பெடுத்தவர். நல்ல தாழ்ந்த ஒலி வேண்டுமென்றால் அலமாரி அளவு பெட்டி வேண்டும் என்று நம்பிய காலத்தில், புத்தக அடுக்கில் வைக்கும் அளவுப் பெட்டியிலேயே அது முடியும் என்று காட்டினார். தம் வகுப்பில் படித்த ஹென்றி க்ளாஸோடு சேர்ந்து 1954-இல் நிறுவனமும் தொடங்கினார். வில்ச்சரின் பெயரை நினைவில் வையுங்கள். பிறகு மீண்டும் வருவார்.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. வில்லுப்பாட்டின் குடம். குடத்தின் வாயில் மட்டையால் தட்டும்போது உள்ளே இருக்கும் காற்றுதான் "தொம்" என்று பேசுகிறது. குடம் பெரிதானால் சுருதி இறங்கும். வாய் பெரிதானால் சுருதி ஏறும். கொடைவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒத்ததிர்வைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்டதற்குப் பெயர் வைத்தால் போதும்.

இனி அளவு. 4 அங்குல முழுவீச்சு ஸ்பீக்கர் ஒன்றுக்கு 5 முதல் 7 லிட்டர் வரை கொள்ளளவு உள்ள மூடிய பெட்டி நன்றாக வரும். நாங்கள் எடுத்த உள்ளளவு அகலம் 14, ஆழம் 18, உயரம் 24 சென்டிமீட்டர். பெருக்கினால் 6,048 கனசென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 6 லிட்டர். மூன்று அளவும் வேறுவேறாக இருப்பது முக்கியம். கனசதுரமாகச் செய்தால் ஒரே அதிர்வெண் மூன்று திசையிலும் நின்று முழங்கும்.

12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒரு பெட்டிக்கு வேண்டிய துண்டுகள் இவை. முன்னும் பின்னும் 16.4 க்கு 26.4 சென்டிமீட்டர், இரண்டு. பக்கங்கள் 18 க்கு 26.4, இரண்டு. மேலும் கீழும் 14 க்கு 18, இரண்டு. பலகையின் தடிமனை எங்கே கூட்ட வேண்டும், எங்கே கூட்டக்கூடாது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கனஉருவங்களின் புறப்பரப்பைப் பத்துக் கணக்கு போட்டுப் புரியாத பிள்ளைக்கும் இங்கே புரிந்துவிடும். தவறாகக் கணக்கிட்டால் பெட்டி மூடாதே! இரண்டு பெட்டிக்கும் சேர்த்து ஏறத்தாழ 5 சதுர அடி வரும். அறுப்பில் வீணாவதற்கும் சேர்த்து 6 சதுர அடி வாங்குங்கள். மரக்கடைகளில் மிஞ்சிய துண்டாகக் கேட்டால் விலை குறையும். அறுப்பதை மட்டும் ஆசாரியிடம் விட்டுவிடுங்கள். மூலைமட்டம் பிடித்து அறுத்த பலகைதான் இடைவெளி இல்லாமல் சேரும்.

இணைப்புகளில் மரப்பசை தடவித் திருகாணி போட்டு, உள்மூலைகளில் இன்னொரு முறை பசை ஓட்டுங்கள். ஒரு சிறு ஓட்டை இருந்தாலும் "புஸ்" என்று காற்று கசியும். அந்த ஒலி நேராக மெய்யெழுத்துகளைத்தான் கெடுக்கும். உள்ளே இலவம்பஞ்சைத் தளர்வாக நிரப்புங்கள். பழைய தலையணை ஒன்று போதும். பின்பலகையில் மோதித் திரும்பும் ஒலி கூம்பின் வழியே வெளியே வந்து குரலைக் குழப்பாமல் அது தடுக்கும்.

செலவுக் கணக்கு

எங்களுக்கு ஆன செலவு இது. 4 அங்குல 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு, 560 ரூபாய். பிளைவுட் துண்டுகள் 300. 12 வோல்ட்டில் ஓடும் ஸ்டீரியோ ஆம்பிளிஃபயர் போர்டு 250. 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் 350. ஒயர் 150. பசை, திருகாணி, உப்புத்தாள் 120. சாக்கெட்டும் இணைப்பு முனைகளும் 60. மொத்தம் 1,790 ரூபாய். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை விலை மாறும். உடைந்துபோன பழைய ஹோம் தியேட்டர், பழைய டிவி, டேப் ரெக்கார்டர் வீடுகளில் கிடந்தால் செலவு இன்னும் பாதியாகும். பழைய ஸ்பீக்கரில் கூம்பு கிழியாமல் இருக்கிறதா, மெதுவாக அழுத்தினால் உரசாமல் போய்வருகிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 ஓம் காட்டினால் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள்.

சிக்கனம் செய்யக்கூடாத இடம் ஒன்றே ஒன்று. அடாப்டர் தரச்சான்று முத்திரை உள்ளதாக, மூடியதாக இருக்க வேண்டும். 230 வோல்ட் பக்கத்தைத் திறக்கும் வேலை பள்ளிக்குள் வேண்டவே வேண்டாம். பிள்ளைகளின் கை 12 வோல்ட் பக்கத்தோடு நிற்கட்டும். பற்றவைப்பை நாம் செய்வோம், அவர்கள் பார்க்கட்டும்.

ஓம் விதி இங்கே உயிரோடு வரும். ஒரு தடத்தில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் கொடுத்தால் 4 ஓம். பெரும்பாலான போர்டுகள் அதைத் தாங்கும். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் கொடுத்தால் 2 ஓம். மின்னோட்டம் கூடிப் போர்டு சூடாகும், கெட்டும் போகும். 4 ஓம் ஸ்பீக்கர்தான் இருக்கிறது என்றால் தொடரிணைப்பில் கொடுங்கள். போர்டின் மேல் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓம் அளவை முதலில் வாசிப்பதை ஒரு பழக்கமாக்குங்கள்.

முன்பு வைத்த சிவப்புப் புள்ளி நினைவிருக்கிறதா? எல்லா ஸ்பீக்கரிலும் சிவப்பு சிவப்போடு சேர வேண்டும். ஒன்று மாறினால், ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குக் குரல் மெலிந்து கேட்கும்.

எங்கே வைப்பது?

இந்த உரையில் ஒரே ஒரு செய்தியை எடுத்துப்போவதென்றால் இதை எடுத்துப்போங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஆம்பிளிஃபயரின் வாட் அளவை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். அதே சமயம், கேட்பவருக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேராக வந்து சேரும் ஒலி 6 டெசிபல் கூடும். அது நான்கு மடங்கு வாட்டுக்குச் சமம். ஆறு மீட்டர் நீள வகுப்பறையில் கரும்பலகைக்கு மேலே இரண்டு பெட்டியையும் மாட்டுவதைவிட, இரு பக்கச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக மாட்டுவது நல்லது. ஐந்து, ஆறு அடி உயரத்தில், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சற்றே சாய்த்து மாட்டுங்கள். மெய்யொலிகளுக்குரிய உயர்ந்த அதிர்வெண்கள் டார்ச் வெளிச்சம் போல நேராகப் போகும். பெட்டி எதிர்ச்சுவரைப் பார்த்தால் பாடம் சுவருக்குத்தான் போகும். தரையிலும் மூலையிலும் வைக்காதீர்கள். அங்கே தாழ்ந்த ஒலி வீங்கும்.

வெவ்வேறு பெட்டியில் இருந்து வரும் குரல் முன்னும் பின்னுமாகக் கேட்காதா என்று கேட்பீர்கள். ஒலி 6 மீட்டரைக் கடக்க ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே ஆகிறது. எதிரொலி தனியாகக் கேட்க நொடியில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி வேண்டும் என்று பாடநூலிலேயே இருக்கிறது. காது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும்.

இனி அறையின் முழக்கம். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய விரிவுரை அரங்கில் பேச்சே புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, எத்தனை மெத்தைக்கு முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அரங்க ஒலியியல் என்ற துறை அங்கிருந்துதான் பிறந்தது. நமக்கு மெத்தை வேண்டாம். பின்சுவரில் தடித்த தென்னைநார் விரிப்பையோ, இரண்டு மூன்று மடிப்புக் கோணிச்சாக்கையோ சுவரில் இருந்து நான்கு விரல் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் போதும். பலரும் ஒட்டும் முட்டை அட்டையால் பெரிய பயன் இல்லை, அது மெல்லியது.

கேட்காத பிள்ளை யார்?

பெட்டிகளை மாட்டிய பிறகு அதே 20 சொல் சோதனையை மறுபடி வைத்தோம். வகுப்பறைப் படத்தில் கடைசி வரிசைகளில் இருந்த தவறுகள் பெருமளவு குறைந்தன. ஆனால் நடுவரிசையில் ஒரே ஓர் இருக்கையில் மட்டும் எண்ணிக்கை மாறவில்லை. ஏழாம் வகுப்பு மாணவி. அமைதியான பிள்ளை. கேட்டதற்கெல்லாம் சிரிப்பாள், தலையாட்டுவாள். இத்தனை நாளும் வகுப்பறை முழுவதும் நிறைந்திருந்த இரைச்சலுக்குள் அவளுடைய சிக்கல் மறைந்து கிடந்தது. எல்லோருக்கும் கேட்கத் தொடங்கிய அன்றுதான், அவளுக்குக் கேட்கவில்லை என்பது தெரிந்தது.

பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டி, அவர்கள் சொன்னபடி செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்பினோம். இரண்டு காதிலும் உயர்ந்த அதிர்வெண்களில் குறை. உயிரொலி கேட்கிறது, மெய்யொலி கேட்கவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். அதனால் வீட்டிலும் யாருக்கும் ஐயம் வரவில்லை. இன்று காதொலிக் கருவி அணிந்து முன்வரிசையில் இருக்கிறாள். உள்ளடக்கிய கல்வியின் சிறப்பாசிரியர் தொடர்ந்து வந்து பார்க்கிறார். படி, கடி, தடி மூன்றையும் பிரித்து எழுதிய அன்று அவள் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்டாள்.

இங்கேதான் வில்ச்சர் மீண்டும் வருகிறார். ஸ்பீக்கர் தொழிலை விட்ட பிறகு அவர் செவித்திறன் குறைந்தவர்களுக்கான ஆய்வுக்குப் போனார். எல்லா ஒலியையும் ஒரே அளவில் கூட்டும் கருவியால் அவர்களுக்குப் பேச்சு புரிவதில்லை; தாழ்ந்த பகுதியையும் உயர்ந்த பகுதியையும் தனித்தனியே, தேவையான அளவுக்குச் சீராக்க வேண்டும் என்று 1973-இல் வெளியிட்டார். அந்த முறைக்குக் காப்புரிமை வாங்கவில்லை. எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். இன்றைய காதொலிக் கருவிகள் அந்த வழியில் வந்தவை. நல்ல ஸ்பீக்கரும் நல்ல காதொலிக் கருவியும் ஒரே கேள்விக்கான இரண்டு விடைகள்: சொல் போய்ச் சேர்ந்ததா?

நாளைக்கே தொடங்கலாம்

இது அறிவியல் ஆசிரியர்களின் வேலை மட்டும் என்று தமிழாசிரியர்கள் ஒதுங்கிவிட வேண்டாம். ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த ஊரில் நிற்கிறோம். கவிதையை வாய்விட்டுப் பாடிக் காதால் அனுபவிக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவர். திருக்குறளில் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்து வரும் அதிகாரம் கேள்வி. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கும் காது வழியாகப் பாடம் போகும். அந்த வாசலையும் நாம் அடைத்துவிடக்கூடாது.

பெட்டி செய்ய முடியாதவர்கள் முதல் இரண்டு வேலையையாவது செய்யுங்கள். அவற்றுக்குப் பணம் வேண்டாம். ஒன்று, 20 சொல் சோதனையை வைத்து வகுப்பறைப் படத்தை வரையுங்கள். இரண்டு, இருக்கிற ஸ்பீக்கரைப் பிள்ளைகளுக்கு அருகே நகர்த்தி, தாழ்ந்த ஒலியைக் குறைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். மூன்றாவதாகப் பெட்டி. பள்ளி மேலாண்மைக் குழுவில் வகுப்பறைப் படத்தைக் காட்டிக் கேளுங்கள். அந்தப் படத்தைப் பார்த்த பெற்றோரில் ஒருவர் பலகை தருவார், ஒருவர் பழைய ஸ்பீக்கர் தருவார். எங்களுக்கு அப்படித்தான் அடுத்த இரண்டு பெட்டிகள் வந்தன.

மூன்றும் முடிந்த பிறகு, படத்தில் இன்னும் மாறாமல் ஓர் இருக்கை இருந்தால், அந்தப் பிள்ளையின் காதைப் பரிசோதிக்க அனுப்புங்கள். தாமதம் வேண்டாம்.